திருப்பி வைத்த வரிசை

என் ஆளிக்குருவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் இருக்கிறோம். கடிதம் என்றால் முதலில் "நலம்" என்று போட வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். இருக்கிறோம் என்பது மட்டும்தான் உண்மை, அதனால் அதை எழுதுகிறேன்.

இது உன் பள்ளிக்கூட நோட்டுதான். கன்னியர் பள்ளிக்கு நீ போன இரண்டு குளிர்காலத்தில் எழுதியது போகக் கடைசியில் கொஞ்சம் தாள் மிச்சம் இருந்தது. உன் எழுத்து முடிந்த இடத்துக்கு அடியிலேயே எழுத மனம் வரவில்லை. ஒரு பக்கம் விட்டுத் தொடங்கியிருக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. அடுப்பில் சூப் கொதிக்கும்போது, ரொட்டி பிசைந்த பலகையில் கிடந்த மாவில் விரலால் எழுதிக் காட்டினாயே, அவ்வளவுதான் என் படிப்பு.

இன்று ஞாயிறு, பூசை முடிந்ததிலிருந்து மழை. அப்பா பண்ணையில் ஆப்பிள் பிழியப் போயிருக்கிறார். அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். அதற்குள் இதை முடித்து, மடித்து, உன் சிலுவைக்குக் கீழே இருக்கும் தட்டைக் கல்லுக்கு அடியில் வைக்க வேண்டும். நனையாமல் இருக்க மெழுகுத் துணி கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் ஆப்பிள் கிளை முறிகிற அளவுக்குக் காய்ப்பு. நம் செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டது, நெற்றியில் வெள்ளை. உன் கூட்டாளி ஒர்த்தான்ஸுக்குக் கலியாணம் ஆயிற்று. கோவில் படியில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு, "நான் சாயங்காலம் கலியாண ஆட்டம் ஆடணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க பெரியம்மா, அவ இருந்தா என்னை இழுத்து விட்டிருப்பா" என்று அழுதாள். ஆடச் சொன்னேன். ஆடினாளாம். உன் மரச்செருப்பை அவள் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. சந்தில் அவள் நடந்து வரும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். இது பாவமே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

உன் முகம் எனக்கு மறக்கிறது, குருவி. ஜனவரியில் தொண்டைக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்ப் பத்து மாதம்கூட ஆகவில்லை. மூக்கு நினைவுக்கு வந்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் அது நீ கடைசி ஒன்பது நாள் கிடந்த முகமாக இருக்கிறது, சிரித்த முகம் வருவதில்லை. சந்தைக்குப் புகைப்படக்காரர் வந்தபோது நீ கேட்டாய், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். உன்னைப் பார்த்து வரைந்த படம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அந்த ஓவியக்காரர் வரைந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வருகிறது. போன வருஷம் ஜூலையில், நம் பண்ணைக்காரரின் பெரிய நிலத்தில் நாருக்கு ஆளிச்செடி பிடுங்கும்போது அவர் குடையும் முக்காலியுமாக வந்து உட்கார்ந்தாரே. நம் ஐந்து பேரையும் பார்த்துவிட்டு, மறுநாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் தலைத்துணியும் சாக்குத்துணி மேலாடையும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே நிறமாக இருந்தால்தான் கண்ணுக்கு அழகாம். "எங்களை என்ன வாத்து மந்தைன்னு நெனைச்சாரா?" என்று கிழவி பெர்ப்பெத்துவா முணுமுணுத்தாள். நீ அந்தத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வாத்து மாதிரி கத்தினாய். மேஸ்திரி அனாத்தோல்கூடச் சிரித்துவிட்டான்.

அன்று அவர் உன்னைக் கொஞ்சம் தலையைத் தூக்கச் சொன்னார். "அந்தப் பொண்ணு மட்டும் இப்படி வெளிச்சத்தைப் பாக்கட்டும்" என்றார். நீ தூக்கினாய். சிரித்துக்கொண்டே தூக்கினாய். பக்கத்து வயலில் ஆம்பிளைகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. "குனிடி! ஊர் பேசும். வேலைக்கு வந்தியா, மூஞ்சியக் காட்ட வந்தியா?" என்று அதட்டினேன். நீ குனிந்துகொண்டாய். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "சரி, எல்லாரும் குனிஞ்சே இருங்க" என்றார். அதை நான் முதல் பாவமாக வைத்திருக்கிறேன். சாமியார் என்ன சொன்னாலும் சரி.

இன்னொன்று. உன் இடது கை. நீ நடக்கப் பழகியதிலிருந்து அதோடுதான் எனக்குச் சண்டை. சின்னதில் பாவாடையோடு சேர்த்துக் கட்டிவைத்தேன். கன்னியர் பிரம்பால் அடித்து எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றினார்கள். ஆளி பிடுங்க வந்ததும் பழையபடி இடது கை முன்னால் வந்துவிட்டது. பிடுங்கியதைக் காயப்போடும்போது எங்கள் நாலு பேர் வரிசையிலும் வேர் கடல் பக்கம், விதை இருக்கிற தலை பாதைப் பக்கம். உன் வரிசையில் மட்டும் தலை கடல் பக்கம் கிடக்கும். "ஏய் குருவி, ஒன் ஆளிக்கு மட்டும் கடல் பாக்க ஆசையா?" என்று அனாத்தோல் கிண்டல் செய்வான். ஆனால் தலையும் வேரும் கலந்து கட்டாகிவிட்டால் நார் உரிக்கிற இடத்தில் எல்லாம் சிக்கு விழும், உன்னை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது நான் பின்தங்குவேன். உன் வரிசையைக் கைப்பிடி கைப்பிடியாகத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். உனக்குத் தெரியும். ஒரு தடவை வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, "விடும்மா, தானா காஞ்சிடும்" என்றாய். திருப்பாமல் விட்டது அந்த ஓவியக்காரர் வந்த நாட்களில் மட்டும்தான். கலைக்காதீர்கள், அப்படியே கிடக்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

பிறகு அவர் பாரிசுக்குப் போய்விட்டார். ஜனவரியில் நீ போனாய். வசந்தத்தில் படத்தைப் பாரிசில் ஏதோ பெரிய மண்டபத்தில் மாட்டினார்களாம், பட்டணத்து நகராட்சிக்காரர்கள் பார்த்துவிட்டு இது நம் மண்ணின் படம் என்று வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார்களாம். இதெல்லாம் பண்ணைக்காரர் சொல்லித் தெரியும். கேட்டதிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். பட்டணம் நடந்து போகிற தூரம். முகம் குனிந்திருந்தால் என்ன, கன்னம் கொஞ்சம், காது கொஞ்சம் தெரியாதா? அதைப் பிடித்துக்கொண்டு மீதியை நான் நினைவுபடுத்திக்கொள்ள மாட்டேனா?

இந்த ஜூலையில் மறுபடி ஆளி பிடுங்கினோம். நீ இல்லாத முதல் அறுவடை. உன் இடத்தில் யாரோ அயலூர்ப் பெண். இரண்டாம் நாள் மத்தியானம் ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தோம். அந்த ஓவியக்காரர் வேலியைத் தாண்டி வந்தார். இளைத்திருந்தார். நீ இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, யாரைக் காணோம் என்று எண்ணிப் பார்க்கவும் இல்லை. பண்ணைக்காரர் என்னைக் கைகாட்டி, "இந்த சிதொனியக் கேளுங்க. இந்தப் பக்கத்துல ஆளி தெரிஞ்சவ இவதான்" என்றார்.

அவர் என் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து நாலு குச்சியைத் தரையில் அடுக்கினார். மூன்றை ஒரு பக்கமாகவும் ஒன்றை மறுபக்கமாகவும் வைத்தார். "அம்மா, ஒரே நிலத்துல, ஒரு வரிசை மட்டும் இப்படித் தலை மாறிக் கிடக்குமா?" என்று கேட்டார். நான் வாயில் இருந்த ரொட்டியைக்கூட விழுங்கவில்லை. "கிடக்காதுங்க. எந்தப் பொம்பளையும் அப்படிப் போடமாட்டா. போட்டா அவளுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்" என்றேன். அவர் அந்த ஒற்றைக் குச்சியைத் தொட்டார். "நான் கண்ணால பாத்ததத்தானேம்மா வரைஞ்சேன்" என்றார். "வெயில்ல ஒக்காந்து ஒக்காந்து ஐயாவுக்குக் கண்ணு மாறிப்போச்சு" என்று நான் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நீ போன பிறகு நான் சொல்லிப் பத்துப் பேர் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி எனக்கு நன்றி சொன்னார். பையில் இருந்த பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் இப்போது எழுதுகிறது அந்தப் பென்சிலால்தான்.

"அது என் வரிசைன்னு எப்படிம்மா ஒனக்குத் தோணாமப் போச்சு?" என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொள்கிறேன். நீ இருந்தவரைக்கும் உன் குறையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். போன பிறகு ஒரு குறையும் இல்லாத பிள்ளையாக உன்னை மனதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு இடது கைப் பழக்கம் இல்லை, குருவி. இல்லாமல் செய்துவிட்டேன்.

செப்டம்பரில் படத்தை மாட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். "துணியில பூசின சாயத்துல எம்புள்ள எங்க இருக்கப்போறா? நீ போயிட்டு வா" என்று சொல்லி, மண்வெட்டிக்குப் பிடி போட உட்கார்ந்துவிட்டார். உருளைக்கிழங்கு தோண்டி முடித்த பிறகுதான் எனக்கு ஒழிந்தது. போன புதன்கிழமை, சந்தை நாள், ஒர்த்தான்ஸின் முட்டை வண்டியில் ஏறிப் போனேன். துக்கத்துக்கு உடுத்திய கறுப்பை மறுபடி துவைத்து உடுத்திக்கொண்டேன். உன்னைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் தலை வாரினேன்.

நகராட்சி மாளிகையில் மெழுகு தேய்த்த தரை. வாசலில் இருந்த காவல்காரர் மரச்செருப்பைக் கழற்றச் சொன்னார். காலுறையோடு படி ஏறினேன், கோவிலுக்குள் போகிற மாதிரி இருந்தது. படம் நம் களஞ்சியக் கதவு அளவுக்கு இருக்கிறது, சுற்றிலும் தங்கச் சட்டம். வானம் நம் வானம்தான், கடலில் இருந்து மழை புறப்படும் முன்னால் இருக்குமே, அதே. மண்ணும் நம் மண்தான். அதில் ஐந்து பெண்கள் குனிந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் வெள்ளைத் தலைத்துணி, சாக்கு மேலாடை. காது தெரியவில்லை, கன்னம் தெரியவில்லை. பெர்ப்பெத்துவாவின் கூனைத் தேடினேன், அதுவும் இல்லை. உன் ஒல்லி இடுப்பும் இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே முதுகு வைத்திருக்கிறார் அந்த மனுஷன். என்னையே எனக்குத் தெரியவில்லை.

அழுகை வரும் நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வரிசை! முகம் இல்லாவிட்டால் போகட்டும், என் பிள்ளையின் வரிசை அவளைக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று நினைத்தேன். முதல் பெண்ணின் வரிசையைப் பார்த்தேன். வேர் கடல் பக்கம். இரண்டாவது, கடல் பக்கம். மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜூலையில் அவர் தரையில் அடுக்கிய குச்சி கண்முன்னால் வந்தது. காலுக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது.

காவல்காரர் நல்ல மனுஷர். நான் கிட்டப் போனதும், "தொடாதீங்கம்மா, இப்பத்தான் காஞ்சிருக்கு" என்றார். பிறகு பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவராகவே சொன்னார். "பாரிசுலேர்ந்து வந்தப்ப ஒரு வரிசை மட்டும் தலைமாறிக் கெடந்துச்சும்மா. பெரிய மனுஷங்க எல்லாம் வந்து பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆளி விக்கிற ஊரு, சந்தைக்கு வர்றவன் எல்லாம் காறித் துப்புவான், இத மாட்டமாட்டோம்னாங்க. ஓவியக்காரரு ஒத்துக்கவே இல்ல. அப்புறம் எங்கியோ ஆளி புடுங்குற ஒரு அம்மாவக் கேட்டாராம், அந்த அம்மா தப்புதான்னு அடிச்சுச் சொல்லிடுச்சாம். மூணு நாளு ஏணி போட்டு உக்காந்து எல்லா வரிசையையும் மேல பூசி ஒண்ணாக்கிட்டாரு. நான்தான் ஏணியப் புடிச்சேன்."

தலைமாறிக் கிடந்தது யாருடைய வரிசை என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "இதுவோ, அதுக்கு அடுத்ததோ... எனக்கென்னம்மா தெரியும், நான் கடக்கரைக்காரன். மீனுன்னா தல எது வாலு எதுன்னு சொல்லுவேன். ஆளி எனக்கு வைக்கோல் மாதிரிதான்" என்றார். ஓவியக்காரரைக் கேட்கலாமா என்றேன். கப்பலேறிக் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாராம், ஒட்டகம் வரைய. ஊர் பேர்கூட யாருக்கும் தெரியாது.

கீழே வந்து, விடுதி வாசலில் நின்ற நகராட்சி உறுப்பினர் இரண்டு பேரைக் கேட்டேன். இதற்கு முன் அப்படிப்பட்டவர்களிடம் நான் வாய் திறந்ததில்லை. ஒருவர், "கடைசிப் பொம்பள" என்றார். மற்றவர், "யோவ், கண்ணத் தொறந்து பாத்தியா இல்லியா? இந்தக் கோடி முதல் பொம்பளய்யா அது" என்றார். பேச்சு வளர்ந்து, தோற்றவன் ஒரு குடம் ஆப்பிள் மது வாங்க வேண்டும் என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். "ஏம்மா, ஒனக்கு எதுக்கு இது?" என்று என்னைக் கேட்டார்கள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வண்டிக்கு வந்தேன். வழி நெடுக ஒர்த்தான்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் இடது கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புள்ளைக்கு இந்தக் கை" என்று மட்டும் சொன்னார். எழுந்து கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

வயலில் உன் வரிசையை எப்போதும் நான்தான் திருப்பி வைப்பேன். கடைசியாகக் கிடந்த ஒன்றையும் நானே திருப்பிவிட்டேன், குருவி. உனக்கு வேலை போய்விடக் கூடாது என்று பழகின வாய் அது. யாராவது கேட்டால் "என் பிள்ளை அப்படிப் போடமாட்டா" என்று சொல்லிச் சொல்லி, வேறு பதிலே அதற்குத் தெரியவில்லை.

தாள் முடியப்போகிறது. எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்கிறேன். நீ இருக்கும் இடத்தில் யாரும் குனிந்து வேலை செய்ய வேண்டாம் என்று சாமியார் சொல்கிறார். அப்படியே வேலை இருந்தாலும் உனக்கு வருகிற கையால் செய். தலை எந்தப் பக்கம் விழுந்தாலும் விழட்டும். அங்கே உனக்குப் பின்னால் வந்து திருப்பி வைக்க ஆள் இல்லை. சர்வேசுரன் உன்னை வெளிச்சத்தில் வைத்திருக்கட்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள். இனி நான் குனியச் சொல்லமாட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சிதொனி

அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. வரும் புதன்கிழமையும் ஒர்த்தான்ஸ் முட்டை கொண்டுபோகிறாள், நானும் போவேன். காவல்காரர் எனக்கு ஒரு முக்காலி போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எங்கே போடச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த ஐந்து பேரில் நீ யார், குருவி?